எந்த ஊர்த் தலையாட்டல்

ரெஸ்னிகா
14 மே 1992

அன்புள்ள தம்பி ராட்கோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் இரண்டு ஆடுகளும் இந்த வீட்டுக் கூரையும் நல்லபடியாக இருக்கிறோம். மழை வந்தால் கூரை மட்டும் கொஞ்சம் முனகுகிறது. நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா, விமானத்தில் கால் வீங்காமல் இருந்ததா என்று எழுது. உன் வீட்டுக்காரி இனேஸை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்.

கழுத்துத் துண்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். எல்லை ஸ்டேஷனில் பதினேழு வயதில் ரயில் ஜன்னலிலிருந்து கையாட்டிய பிள்ளை, அறுபத்துமூன்று வயதில் நரைத்த தலையோடு வந்து இறங்கினால் ஒரு அக்காவுக்கு எப்படி இருக்கும். நம் குடும்பத்தை நாட்டைவிட்டு அனுப்பிய அந்த ரயிலிலிருந்து நான் மட்டும் இறங்கிக்கொண்டேன், மெதோடியைக் கட்டிக்கொள்வதற்காக. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. உன்னை விட்டுவிட்டோமே என்றுதான் வருத்தம். அரசாங்கம் அனுமதி கொடுத்த இந்த ஐந்து நாளும் நீ என் அடுப்படியில் உட்கார்ந்து பீன்ஸ் சூப் குடித்ததைப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ராஜா மகன்னாங்க, தபால்காரன் மாதிரியில்ல இருக்கான்" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

இப்போது ஒரு விஷயம். உட்கார்ந்து படி.

கடைசி நாள் புகையிலைக் கிடங்கு வாசலில், முப்பத்தெட்டாம் வருஷ வேலைநிறுத்தத்தில் சுடப்பட்டுச் செத்தவர்களின் பெயர் பொறித்த கல்லுக்குப் பூ வைத்தாயே, அப்போது அந்தக் கல்லில் தாய் பெயர் இருக்கிற ரூஸா வந்து உன் சட்டைக் கையைப் பிடித்தாள் அல்லவா. "அந்த ரூம்ல நீயும் இருந்தியாமே. எங்க ஆளுங்களைச் சுடச் சொன்னது உங்கப்பாதானா, சொல்லு" என்று கேட்டாள். நீ வாயைத் திறக்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் பக்கவாட்டில் ஆட்டினாய். அதை டெலிவிஷன்காரன் படம் பிடித்துவிட்டான்.

உலகத்துக்கெல்லாம் அது 'இல்லை'. நம் நாட்டுக்கு மட்டும் அது 'ஆமாம்'. இல்லை என்றால் நாம் தலையை மேலே நிமிர்த்துவோம் என்பதுகூடவா உனக்கு மறந்துபோயிற்று? அன்று ராத்திரிச் செய்தியில் அதையே மூன்று தடவை காட்டினார்கள். "முன்னாள் மன்னரின் மகன் ஒப்புக்கொண்டார்." எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. போர்ச்சுகல் தலையைக் கொண்டுவந்து நம் ஊரில் ஆட்டியிருக்கிறான் பார் என்று சிரித்தேன். மறுநாள் ரொட்டிக்கடைக்குப் போனேன். முப்பது வருஷமாக "வாங்க டீச்சர்" என்கிறவன் ரொட்டியைப் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

ஜூன் கடைசியில் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுக்கிறார்கள். நம் குடும்பத்தின் மேல் இருக்கிற தடையை எடுத்துவிட்டால் நீ இங்கேயே வந்து இருக்கலாம். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். இந்த நேரத்தில் இது தேவையா? பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதிப் போடு. 'வெளிநாட்டுப் பழக்கத்தில் ஆட்டிவிட்டேன், இல்லை என்றுதான் சொன்னேன்' என்று எழுது. அது போதும்.

துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வந்து கட்டிக்கொள்.

உன் அக்கா,
நெவெனா

*

காஷ்காய்ஷ்
போர்ச்சுகல்
30 மே 1992

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். கால் கொஞ்சம் வீங்கி, வடிந்துவிட்டது. உன் இருமல் எப்படி இருக்கிறது? ஆடுகளை நீயே மேய்க்கப் போகாதே, யாரையாவது அனுப்பு.

நீ கொடுத்த சீமை மாதுளை ஜாமை இனேஸ் பூட்டி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்கு ஒரு கரண்டி. இங்கே மத்தி மீன் வர ஆரம்பித்துவிட்டது. தெருவெல்லாம் சுடுகிற வாசனை. கடற்கரை பெஞ்சில் எங்கள் பழைய கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு இல்லாத நாடு, ஆளுக்கு ஒரு மூட்டுவலி. உன் வீட்டு அடுப்பைப் பற்றித்தான் அவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ரூஸா என் சட்டையைப் பிடித்த இடத்தில் இன்னும் சுருக்கம் இருக்கிறது. இனேஸ் இஸ்திரி போட எடுத்தாள், வேண்டாம் என்றேன். ரூஸாவின் அம்மாவுக்குக் கிடங்கில் என்ன வேலை, அக்கா? இலை தரம் பிரிக்கிறவளா, கட்டுக் கட்டுகிறவளா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் தம்பி,
ராட்கோ

*

ரெஸ்னிகா
12 ஜூன் 1992

அன்புள்ள ராட்கோ,

இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். உன் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மத்தி மீன் இருக்கிறது, மூட்டுவலி இருக்கிறது. நான் கேட்ட இரண்டு வரி மட்டும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து புத்தி மழுங்கிவிட்டதா?

ரூஸாவின் அம்மா இலை தரம் பிரித்தவள். பெயர் ஸ்தானா. எதற்குக் கேட்கிறாய்? கேட்டு என்ன செய்யப்போகிறாய்?

இந்த ஊரில் நான் எப்படி வாழ்ந்தேன் என்பது உனக்குத் தெரியாது. ஐந்து நாளில் தெரியாது. அந்தக் கல்லில் இருக்கிற பதினேழு பேரில் ஐந்தாவது பெயர் காவ்ரில், என் மாமனார். உன் அத்தான் மெதோடி என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சாட்சியெல்லாம் வேண்டாம், அழுகை வேண்டாம், சீர் வேண்டாம், "எங்கப்பாவைச் சுடச் சொன்னது உங்கப்பாவா? இதை மட்டும் சொல்லு, அப்புறம் நான் கேட்கவே மாட்டேன்" என்றார். அம்மா நமக்குச் சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். கர்னல் ஸாரெஃப் வந்து 'சுடலாமா' என்று கேட்டார், தாத்தா காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம், அப்பா அங்கே படித்து வளர்ந்தவர், 'வேண்டாம்' என்று அந்த ஊர் வழக்கப்படி பக்கவாட்டில் தலையாட்டினார், இந்த ஊர்க் கர்னல் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது என்று சொன்னேன். மெதோடி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "ஒரு தலையாட்டல்ல போயிட்டாரா எங்கப்பா" என்றார். அடுத்த வாரம் எங்களுக்குக் கல்யாணம்.

அவர்தான் ஊரில் எல்லோருக்கும் சொன்னார். வீடு வீடாகப் போய்ச் சொன்னார். இந்த ஊர் என்னை ஏற்றுக்கொண்டது அதனால்தான். இப்போதும் இங்கே ஒன்று சொல்ல வேறொன்று நடந்தால், "ராஜா தலையாட்டின கதைதான்" என்பார்கள், என் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ரூஸா ஒருத்திதான் நம்பவில்லை. "ராஜாவுக்கு வாய் இல்லியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆகவே இது ஒன்றும் புதுக் கதை இல்லை. அப்பாவுக்கு நடந்ததுதான் உனக்கும் நடந்தது என்று சொன்னால் நாடே நம்பும். முடியாட்சிக் கட்சி வக்கீல் ஹரலம்பி நேற்று இங்கே வந்தார். உனக்காக ஓட்டெடுப்பைச் செப்டம்பருக்குத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். "கையெழுத்து மட்டும் போட்டா போதும் டீச்சர், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு மறு தபாலில் அனுப்பு.

இனேஸுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அக்கா நெவெனா

*

ரெஸ்னிகா
9 ஜூலை 1992

ராட்கோ,

சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நாலு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் போட்டால் இனேஸ் எடுத்து, நீ கடற்கரைக்குப் போயிருக்கிறாய் என்கிறாள். ராத்திரி பத்து மணிக்கும் கடற்கரையா?

நம் வீட்டுக் கதவில் யாரோ கரியால் ஒரு தலையை வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கிரீடம் வைத்த தலை. இரண்டு பக்கமும் அம்புக்குறி. என்னிடம் எழுத்துக் கற்றுக்கொண்ட பயல்களில் எவனோ ஒருவன்தான். அம்புக்குறி போடவும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், போகவில்லை.

ரூஸா தினமும் சாயங்காலம் எதிர்த்த சுவரில் வந்து உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. நேற்று நானே கேட்டுவிட்டேன், "என்ன வேணும் ரூஸா உனக்கு, எதுக்கு இப்படி உக்காந்திருக்கே?"

"ஒண்ணும் வேணாம் டீச்சர். உங்க தம்பி ஏதாவது எழுதினாரா?"

"எழுதுவான். வெளிநாட்டுப் பழக்கத்துல ஆட்டிட்டான்னு எழுதுவான்."

"எழுதட்டும். ரெண்டு மாசம் ஆயிடுச்சே, அதான் கேட்டேன்" என்றாள்.

இதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம். தாளில் கையெழுத்துப் போடு, தம்பி. உன் கையைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள். எனக்கு வயது அறுபத்தாறு. மாடி ஏறி இறங்கி உன் அறையில் ஜன்னலைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

நெவெனா

*

காஷ்காய்ஷ்
20 ஜூலை 1992

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

இனேஸ் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மொழியில் எனக்கு எழுத்துப் பிழை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடவுள் அருளால் பிள்ளைகள் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? தேனில் எலுமிச்சை பிழிந்து குடியுங்கள் என்று எழுத நினைத்தேன், உங்கள் தம்பியிடம் கேட்டேன், "தேன் என்று எழுதாதே" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அதனால் வெந்நீர் குடியுங்கள்.

அவருக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் ஊரிலிருந்து வந்ததிலிருந்து பழைய ஆள் இல்லை. நீங்கள் அனுப்பிய தாள் சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று வேளையும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். பேனாவைக் கொண்டுவந்து வைத்தேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை.

அவர் இப்படிக் குழம்புவது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இது ஒரு பழைய வேடிக்கை. எங்களோடு போர்ச்சுகீஸில் பேசும்போது எங்களைப் போலத்தான் தலையாட்டுவார். உங்களோடு போனில் பேசும்போது மட்டும், ரிசீவரைக் காதில் வைத்தபடி, "ஆமாம் அக்கா, ஆமாம் அக்கா" என்று பக்கவாட்டில் ஆட்டுவார். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது பின்னால் நின்றுகொண்டு அதே மாதிரி ஆட்டிக்காட்டிச் சிரிப்பார்கள். பாஷை மாறினால் அவர் தலையும் மாறிவிடும், ஒருநாளும் தப்பு வந்ததில்லை. அந்த ஒரு நாள் மட்டும் எப்படி மாறிப்போயிற்று என்று தெரியவில்லை. களைப்பாக இருந்திருக்கும்.

நீங்களே அவருக்கு இன்னொரு தடவை எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

தங்கள் அன்புள்ள,
இனேஸ்

*

ரெஸ்னிகா
3 ஆகஸ்ட் 1992

ராட்கோ,

இனேஸ் எழுதியிருந்தாள். அவளுக்கு என்ன தெரியும். நல்ல பெண், ஆனால் அவளுக்கு என்ன தெரியும்.

அவள் எழுதியதைப் படித்துவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "என்ன டீச்சர், பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க" என்று வாளியை வாங்கிக்கொண்டாள்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் நீ இருந்தாய். நான் வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னது. உனக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும், இருக்காது. அப்பா அன்று

வேண்டாம். எழுதாதே. நான் எதையும் கேட்கவில்லை. களைப்பில் ஆட்டிவிட்டாய், அவ்வளவுதான். தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. செப்டம்பர் இருபதாம் தேதி ஓட்டெடுப்பு.

எழுதாதே, கையெழுத்து மட்டும் போடு.

அக்கா

*

காஷ்காய்ஷ்
19 ஆகஸ்ட் 1992

அன்புள்ள அக்கா,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். எழுதாதே என்றாய். உன் பேச்சை நான் மீறியதில்லை. இந்த ஒரு தடவை மீறுகிறேன்.

கர்னல் ஸாரெஃப் வந்தது காலைச் சாப்பாட்டு நேரத்தில். மேஜையில் அப்பா, நான், பரிமாற கொஸ்தா. அம்மா இல்லை, அம்மா மாடியில் இருந்தாள். கர்னல் வாசற்படியிலேயே நின்றார், பூட்ஸில் சேறு இருந்தது. "ரெஸ்னிகாவில் கிடங்கை விட்டு நகர மாட்டேங்கறாங்க, மகாராஜா. பொம்பளைங்களும் இருக்காங்க. சுடலாமா?" என்று கேட்டார். பொம்பளைகளும் இருக்கிறார்கள் என்று சொன்னார், அக்கா. அப்பாவின் வாய் நிறைய ரொட்டி. அதனால் வாயால் சொல்லவில்லை. தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். கர்னல் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

கதவு மூடுகிறது. கொஸ்தா தேன் கிண்ணத்தோடு குனிந்து, "இன்னும் கொஞ்சம் தேன் ஊத்தட்டுங்களா?" என்று கேட்கிறான். அப்பாவின் வாயில் இன்னும் அதே ரொட்டிதான். அதே மாதிரி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். கொஸ்தா ஊற்றினான். அப்பா அதைத் தொட்டுத் தொட்டு முழுவதையும் சாப்பிட்டார். விரலைக்கூட நக்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஸ்தா நம் நாட்டுக்காரன். அப்பா அவனிடம் ஒருநாளும் வெளிநாட்டுத் தலையாட்டல் ஆட்டியதில்லை. ஆட்டியிருந்தால் வேண்டாத தேன் தினமும் தட்டில் விழுந்திருக்கும். தூதர்களோடு சாப்பிடும்போது ஒரு மாதிரி, நம் ஆட்களோடு ஒரு மாதிரி. இனேஸ் என்னைப் பற்றி எழுதினாளே, அது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

ஒரு வாரம் கழித்து ஊரெல்லாம் கொந்தளித்தபோதுதான் அம்மா அந்தக் கதையைக் கட்டினாள். "அப்பா வேண்டாம்னுதான் சொன்னார், அந்தப் பட்டிக்காட்டுக் கர்னலுக்குப் புரியலை" என்றாள். கர்னலை வேலையிலிருந்து எடுத்தார்கள். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அப்பா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே வந்த பிறகு, சாகிறவரை, தேனும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நீ மெதோடி அத்தானிடம் அந்தக் கதையைச் சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்டாய் என்று எனக்கு ஜூன் மாதம் வரை தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் ரூஸா முன்னால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. அவள் சட்டையைப் பிடித்துக் கேட்டபோது எனக்குப் பேச வாய் வரவில்லை. தலை ஆடியது. அவள் நம் பாஷையில் கேட்டாள், நம் பாஷையில்தான் ஆடியது.

அந்தச் சாக்கை அப்பாவுக்கு ஒரு தடவை சொல்லியாயிற்று. எனக்கும் அதையே சொல்லித் தாளில் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. நான் அங்கே வரவேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை. அந்த மாடி அறையில் எந்தப் பக்கம் கட்டில் போடுவது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன்.

நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். அவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். நீ அந்த ஊரில் இருக்க வேண்டியவள்.

உன் தம்பி,
ராட்கோ

*

காஷ்காய்ஷ்
25 செப்டம்பர் 1992

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம். என் கடிதம் கிடைத்ததா? போனை நீ எடுப்பதில்லை. ஓட்டெடுப்பு என்ன ஆயிற்று என்று இங்கே பத்திரிகையில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். அது தெரியும், அதை எழுத வேண்டாம்.

தோற்றதற்குக் காரணம் நீதான் என்று ஹரலம்பி போனில் கத்தினார். கூட்டத்தில் நீ என்னவோ சொன்னாயாம். அவர் கத்தலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன செய்தாய் அக்கா?

ஒரு வரி போடு. திட்டியாவது எழுது.

ராட்கோ

*

ரெஸ்னிகா
18 அக்டோபர் 1992

அன்புள்ள தம்பி ராட்கோவுக்கு,

நான் இருக்கிறேன். இருமல் நின்றுவிட்டது. ஒரு ஆட்டை விற்றுவிட்டேன். இனேஸும் பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும்.

உன் கடிதம் வந்த அன்று படித்தேன். படித்து முடித்து, அடுப்பில் சூப் தீய்ந்துகொண்டிருப்பது தெரிகிறது, எழுந்திருக்க முடியவில்லை. அந்தக் கரி வாசனையில்தான் விடிந்தது. உன் மேல் கோபம் வந்தது. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவன், இனி எனக்கு யார் மிச்சம் என்கிற வயதில் வந்து சொல்கிறாயே என்று வந்தது. அம்மா மேல் வந்தது. அப்பாவை நினைத்தால் கோபம்கூட வரவில்லை. விரலை நக்கினார் என்று எழுதியிருந்தாயே, அதிலேயே நின்றுவிட்டது எனக்கு. மாதா மாதம் கோவிலில் அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்திவிட்டேன்.

ஓட்டெடுப்புக்கு மூன்று நாள் முன்னால் ஹரலம்பி டெலிவிஷன்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நீ கையெழுத்துப் போடாவிட்டால் பரவாயில்லை, அக்கா சொன்னால் போதும் என்று ஏற்பாடு. பள்ளிக்கூடத்துக் கூடத்தில் ஊரே வந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரனும் வந்து பின்னால் நின்றான். என்னை நான் பாடம் நடத்திய அதே பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, முகத்தில் விளக்கைப் போட்டார்கள்.

ஹரலம்பி என் காதருகில் குனிந்து, "ஒண்ணும் பேசக்கூட வேணாம் டீச்சர். நான் கேட்கறேன், நீங்க தலையை ஆட்டினாப் போதும்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது, ராட்கோ. தலையை ஆட்டினால் போதுமாம்.

"உங்க தம்பி 'இல்லை'ன்னுதானே சொன்னார்?" என்று சத்தமாகக் கேட்டார். நான் இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்துக்கொண்டேன், தலை எந்தப் பக்கமும் அசையக்கூடாது என்று. வாயைத் திறந்து சொன்னேன். "என் தம்பி ஆமான்னுதான் சொன்னான். எங்கப்பா வேணும்னுதான் சுடச் சொன்னார். தெரிஞ்சேதான் சொன்னார். நான் இந்த ஊருக்குச் சொன்னது பொய்க் கதை. பொய்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும்."

ஹரலம்பி விளக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறார், ஒருவனும் அணைக்கவில்லை. ரூஸா முன் வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். என் முகத்துக்குக் கிட்ட வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எப்போ கேட்டாங்களாம் அவர்கிட்ட?" என்றாள்.

"காலையில. சாப்பிடும்போது."

"என்ன சாப்பிட்டுக்கிட்டிருந்தார்?"

"ரொட்டியும் தேனும்."

"எங்கம்மா அன்னைக்கு ஒண்ணும் சாப்பிடாமப் போனா. இருந்த ரொட்டியை எனக்கு வச்சிட்டுப் போனா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய்விட்டாள். எதிர்ச் சுவரில் இப்போது அவள் உட்காருவதில்லை. ரொட்டிக்கடைக்காரன் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் ரொட்டியைப் பலகையில் வைக்காமல் கையில் கொடுக்கிறான். கதவில் இருந்த கரித்தலையை யாரோ ஒரு விடியற்காலை வந்து சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

யாரிடமும் சொல்லாதே, நீ அந்த ஊரில் இருக்க வேண்டியவள் என்று எழுதியிருந்தாய். இங்கே இருக்க வேண்டியவள் என்பதால்தான் சொன்னேன். உன் அறையை நானே பூட்டிவிட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறேன், தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஊருக்குச் சொல்லிவிட்டேன். நாட்டுக்கே சொல்லிவிட்டேன். மெதோடியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கல்லறை இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். தினமும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன், வளைவு வரை போகிறேன், திரும்பி வந்துவிடுகிறேன். அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் பதிலை நம்பி வீடு வீடாகப் போய்ச் சொன்னாரே, அதை நினைத்தால் கால் நகர மாட்டேன் என்கிறது. நீ வந்ததும் உன்னையும் கூட்டிக்கொண்டு போகலாம், இரண்டு பேரும் சேர்ந்து நின்று சொல்லலாம் என்று மனசுக்குள் நினைத்திருந்தேன்.

இனி நீ வரப்போவதில்லை. நான்தான் போக வேண்டும்.

குளிர் தொடங்கிவிட்டது. உன் கழுத்துத் துண்டை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். முட்டியைக் கம்பளியால் சுற்றிக்கொண்டு படு.

உன் அக்கா,
நெவெனா